புதுக்கல்லின் கீழ்ப்பாதி

சின்னவன் அம்மாவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்று நானே எழுதும் முதல் கடிதம். உன் முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

இத்தனை வருடம் கழுவித் தேய்த்த போர் நினைவுக்கற்களை இப்போது படிக்கிறேன்! ஒவ்வொரு போருக்கும் ஒரு முழக்கம், அதன் கீழே செத்தவர்கள் பெயர். மிகப் பழையதில் “எங்களைக் கொன்றுவிட்டு உள்ளே வா” என்றிருக்கிறது. எதிரி சொன்னபடியே செய்திருக்கிறான். கீழே முந்நூறு பெயர்.

நேற்று புதுக்கல் வந்தது. மேலே “சாவுக்கும் தலைகுனியோம்” என்று வெட்டியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். “அட, பெரியவர் வாத்தியார் ஆயிட்டாரே!” என்று மேஸ்திரி சிரித்தார். கீழே ஏன் ஒன்றுமில்லை என்று கேட்டேன்.

“படை போன வாரம்தானே கிளம்பிச்சு. பேரு இனிமேதான் வரும். நீங்க வழவழன்னு தேய்ச்சு வைங்க.”

நம் சின்னவன் இருக்கும் படைதான். பயப்படாதே, கல் எப்போதும் முன்கூட்டியே வருமாம்.

அவன் கடிதம் போட்டால் எனக்கும் அனுப்பு. அவன் பழைய சட்டை ஒன்றும் அனுப்பு, இங்கே குளிர்.

கல்லை மெதுவாகத்தான் தேய்க்கிறேன். மேஸ்திரி திட்டுகிறார். நான் விட்டால் வேறொருவன் தேய்ப்பான், தெரியும். அடுத்த வாரம் எழுதுகிறேன். அதுவரை கல்லை முடிக்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்