நாலு சில்லு வண்டியும் மாப்பிள்ளையின் வெள்ளைச் சாறனும்

கல்முனைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஹாதிக்குக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. நீயும் மருமகளும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன், இங்கே என் முழங்கால் நோவைத் தவிர வேறு குறை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். முதலில் நல்ல செய்தி. உன் ராத்தா ஜுனைதாவின் மூத்தவள் நிஹ்லாவுக்குக் கலியாணம் முடிந்த கிழமையே ஆசிரியை நியமனம் வந்தது, அதுவும் நடந்து போகிற தூரத்துப் பள்ளிக்கூடம். சாஜித் இஞ்சினியர் படிப்புக்கு எடுபட்டுவிட்டான், இந்த ஒழுங்கையில் அவன்தான் முதல் ஆள். கடைக்குட்டி ஸப்னா குர்ஆன் கிறாஅத் போட்டியில் மாகாணத்திலேயே முதலாவதாக வந்து கேடயம் கொண்டுவந்தாள், அலுமாரிக்குள் கொள்ளாமல் அது டீவிக்குப் பக்கத்தில் நிற்கிறது, வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று நான்தான் வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்று சொல்லிச் சொல்லியே நான் தலை நிமிர்ந்து திரிந்தேன் மகன், இப்போது அந்தத் தலையைக் குனிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் இங்கே போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வீடே சுற்றியிருந்து கேட்கும், எனக்கு வெட்கமாக இருக்கிறது. மீராசாவின் மகன் புதன்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

உன் மச்சான் ஜவாத் வயலுக்குப் போய்வர என்று நீ அனுப்பிய நாலு சில்லு வண்டியைப் பற்றித்தான் கதை. கேட்ட நேரமெல்லாம் அது பொன்னான வண்டி என்றுதான் உனக்குச் சொன்னேன், உள்ளதைச் சொல்லவில்லை. உரமூட்டைகளை ஏற்றிக்கொண்டு சேற்றுப் பாதையால் போகும், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மற்றதெல்லாம் குறைதான். மோட்டார் சைக்கிளைப் போலக் கைப்பிடி இருக்கிறது, ஆனால் முறுக்கினால் அசையாது, பெருவிரலால் ஒரு தகட்டைத் தள்ள வேண்டும், தள்ளினால் துள்ளிப் பாயும். வயலுக்குப் போய் வருகிற நாட்களில் ஜவாத் பெருவிரல் வீங்கிச் சோறு பிசையவே கஷ்டப்படுகிறார். வளைவில் உடம்பைச் சாய்த்தால் சைக்கிள் திரும்பும்தானே, இது எருமையைப் போல நேரேதான் போகும். பின்னுக்கு எடுக்க ஒரு கையால் பிறேக்கைப் பிடித்து, மற்றக் கையால் பொத்தானை அமர்த்தி, இன்னொரு கையால் கம்பியை இழுக்க வேண்டும், அந்த இன்னொரு கைக்கு எங்கே போவது. பெற்றோல் முள் எப்போதும் பாதியில் நிற்கும், டாங்கி வெறுமையாக இருந்தாலும் பாதிதான். ஹோர்ன் கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி. சில்லு அத்தனை அகலம், அதை மூட வைத்த மட்கார்ட்டோ ஒடுக்கம், போகிற வழிச் சேறெல்லாம் ஏறி இருப்பவர் மேலேதான். சீட் என்னவோ இரண்டு பேருக்கு நீளம், ஆனால் பின்னால் இருப்பவர் கால் வைக்க ஒரு கம்பிகூட இல்லை, கால் தொங்குகிற இடத்தில் சைலன்சர் கொதித்துக்கொண்டு கிடக்கிறது. ஜவாத் ஒருநாள் சிரித்துச் சிரித்து, 'மாமி, இதச் செஞ்சவன் சேத்தையும் கண்டதில்ல, சாறன் உடுத்த மனிசனையும் கண்டதில்ல' என்றார். நான்தான், 'எண்ட மகன் அனுப்பின சாமானுக்குக் குத்தம் சொல்லாதீங்க மருமகன்' என்று வாயை அடைத்தேன்.

அதோடு நின்றேனா. நிஹ்லாவின் மாப்பிள்ளை றுமைஸை மருதமுனையிலிருந்து அழைத்து வருவதற்கு அவருடைய உம்மா சுல்பிகா காரைப் பூவால் சோடித்து வைத்திருந்தார். காரில் எல்லா மாப்பிள்ளையும்தான் வருகிறார்கள், என் மகன் அனுப்பிய வண்டியில் வந்தால் ஊர் பேசும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அது வயலுக்கு வந்த வண்டி, றோட்டில் விடக்கூடாது என்று ஜவாத் சொன்னார், அப்படியானால் கடற்கரைப் பாதையால் வரட்டும் என்றேன். சாஜித், 'உம்மும்மா, பின்னால கால் வெக்க இடமில்ல' என்று சொல்லிப் பார்த்தான், சும்மா இரு என்று அதட்டி, வண்டியை ஓட்டி வர அவனையே அனுப்பினேன். மாப்பிள்ளை உடுத்து வந்த வெள்ளைச் சாறன் சுல்பிகா தன் தறியில் தன் கையால் நெய்தது, வேறு யாரையும் அந்தப் பாவு நூலில் கை வைக்கவே விடவில்லையாம். முதல்நாள் மழை. நம் ஒழுங்கை வளைவில் வண்டி திரும்பாமல் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கிவிட்டது, மாப்பிள்ளையின் முதுகுவரை சேறு. சாஜித் பதறிப்போய்ப் பெருவிரலை அமர்த்த, பந்தல் வாசலையும் தாண்டிக்கொண்டு போய் நின்றது. பின்னுக்கு எடுக்கப் பார்த்தான், வரவே இல்லை. றபான் கொட்டு அடித்தவர்கள் கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள், பெண்கள் எல்லாரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை அங்கேயே இறங்கினார், இறங்கும்போது கால் சைலன்சரில் பட்டுச் சாறனும் கருகி ஓட்டை விழுந்துவிட்டது.

வாசலில் வைத்து மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் தம்பி கழுவி மோதிரம் வாங்குவது உனக்குத் தெரியும்தானே. சாஜித் குனிந்து தண்ணீரை ஊற்றியபோதுதான் கண்டிருக்கிறான், கெண்டைக்கால் வெந்து கொப்பளித்துக் கிடந்ததாம். மாப்பிள்ளை குனிந்து அவன் காதுக்குள், 'மெதுவா ஊத்துங்க மச்சான், ஆருக்கும் சொல்லாதீங்க' என்றாராம். சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு மோதிரத்தையும் போட்டுவிட்டாராம். அந்தப் பிள்ளையின் குணத்தை நினைக்க நினைக்க எனக்கு இன்னும்தான் வெட்கம். ஆனால் பெரிய வெட்கம் இதுவல்ல. பெண்களோடு வந்த சுல்பிகா சாறனையும் அதில் விழுந்த ஓட்டையையும் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் நான், 'புது வண்டிண்டா அப்படித்தான் புள்ள, தோச்சாப் போயிரும்' என்றேன். அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன் மகன். சுல்பிகா என்னை ஒரு பார்வை பார்த்து, 'சேறு போயிரும் மாமி, ஓட்டையும் போகுமா' என்று கேட்டுவிட்டு ஒரு வாய் சோறும் உண்ணாமல் எழும்பிப் போய்விட்டார். வாசலில் நடந்ததைப் படம் எடுத்திருந்தார்கள், உனக்கு அனுப்பக் கூடாது என்று சாஜித்தைத் தடுத்ததும் நான்தான். உனக்குப் போனில் மாப்பிள்ளை ராசா மாதிரி வந்தார் என்று சொன்னேன். நீயும் அதை நம்பி, அதே மாதிரி இன்னொரு வண்டியைக் கலியாணப் பரிசாக அனுப்புகிறேன் என்று றுமைஸுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். அவர் மரியாதைக்கு ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

மாப்பிள்ளை வழக்கப்படி நம் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணைத் தங்கள் வீட்டு விருந்துக்கு அழைத்துப் போக வேண்டும் அல்லவா, இன்றுவரை ஒருவரும் வரவில்லை. நிஹ்லா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலைப் பார்க்கிறாள். ஜுனைதா என்னோடு கதைப்பதையே குறைத்துவிட்டாள். அதனால் நேற்று நானே ஓட்டோ பிடித்து மருதமுனைக்குப் போனேன், ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. சுல்பிகா தறியில் இருந்தார், எழும்பவில்லை, நான் நின்றுகொண்டே, 'பிழை எண்ட பக்கம்தான் புள்ள, உங்கட மகன்ட காலுக்கும் நீங்க நெய்த சாறனுக்கும் மாப்புக் கேக்க வந்தன்' என்றேன். தறி நிற்கும்வரை நின்றேன். பிறகு, 'இரிங்க மாமி' என்றார். தேத்தண்ணி தந்தார். 'கட்டார்ல இரிக்கிற உங்கட மகன்ட மனசில குத்தமில்ல, அவருக்கு உள்ளதச் சொன்னீங்களா' என்று கேட்டார். இல்லை என்றேன். 'அப்ப முதல்ல அதச் சொல்லுங்க. அந்தச் சாமான்ல இன்னொண்டு எண்ட வாசலுக்கு வந்திச்சிண்டா நான் உங்கட வாசலுக்கு வரமாட்டன்' என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்தது, கண்ணீரும் வந்தது. கடிதம் கட்டாருக்குப் போனது தெரிந்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய நிஹ்லாவை அழைக்க வருவாராம்.

ஆகவே மகன், அந்த வண்டியை அனுப்பாதே. கடையில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. இதை வாசித்ததும் றுமைஸுக்குப் போன் எடுத்து வண்டிக் கதையை விட்டுவிட்டுக் கால் ஆறிவிட்டதா என்று கேள். உன்மேல் ஒருவருக்கும் கோபம் இல்லை, நீ ஆசையாகத்தான் அனுப்பினாய், உன் உம்மாதான் அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு திரிந்தாள். வெயிலில் வேலை செய்தால் தண்ணீர் குடிக்க மறவாதே, பேரனை ஓதலுக்கு அனுப்பு, மருமகளிடம் என் ஸலாத்தைச் சொல். அல்லாஹ் உன் ஆயுளையும் றிஸ்கையும் பறக்கத்தாக்கி வைக்கட்டும், உன் கை என்றும் கொடுக்கிற கையாகவே இருக்கட்டும்.

இன்னுமொன்று. நீ போனுக்கு அனுப்புகிற படங்களில் எல்லாம் பெரிய கட்டடமும் பளபளக்கிற காரும்தான் தெரிகிறது, நீ ஓரத்தில் நெல் அளவுக்கு நிற்கிறாய். அவற்றைத்தான் நான் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன், உன் தாடி நரைத்துவிட்டதா என்பதுகூட எனக்குத் தெரியாது. புதிதாக ஒரு படம் எடுத்து, கடதாசியில் கழுவித் தபாலில் போடு மகன். பின்னால் ஒன்றும் வேண்டாம், வெறும் சுவராக இருந்தால் போதும். ஒருவருக்கும் காட்ட மாட்டேன்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் உம்மா,
ஸைனம்பு.