பாயில் படுத்தால் பிஸ்கட்

உங்கள் செல்லப் பிள்ளை விடிந்ததுமே என் செருப்பில் ஒன்றைக் கடித்துத் தின்று பசியாறிவிட்டான். அதனால் அவனுக்குச் சாப்பாடு மதியம் வைத்தால் போதும்.

சாயங்காலம் நாய்ப் பயிற்சிக்காரர் வருகிறார். அதற்குள் அவனைக் கொஞ்சமாவது பாயில் படுக்கப் பழக்குங்கள். அவனாகப் படுத்தால், பேசாமல் அவன் காலடியில் ஒரு பிஸ்கட் வையுங்கள். மேலே பாய்ந்தால் திரும்பியும் பார்க்காதீர்கள். நீங்கள் "ஐயோ கண்ணா, இறங்குடா, இறங்குடா" என்று கொஞ்சுவதை அவன் பாராட்டு விழா என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பயிற்சிக்காரர் போன தடவையே சொன்னார். "அது சும்மா படுத்திருக்கறப்ப யாரும் கண்டுக்கறதில்ல. ரகளை பண்ணாத்தான் ஓடி வர்றீங்க. அப்புறம் அது ரகளைதான் பண்ணும்." எல்லாம் புரிந்தவர் மாதிரி நீங்கள்தான் தலையை ஆட்டினீர்கள்.

வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டி மேல் வையுங்கள். டப்பாவில் இருக்கும் பிஸ்கட் நாய்க்கு மட்டும்.

தாளில் இடமில்லாததால் ஓரத்தில் எழுதுகிறேன். நேற்று சாப்பிடும்போது நான் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினதும் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று தலையைத் தடவினீர்கள். அதற்கு முன் ஒரு வாரமாக நான் வாயே திறக்காமல்தான் இருந்தேன். ஒரு பிஸ்கட்கூட வரவில்லை.