படத்தில் இல்லாத கோல்கீப்பர்

அன்பு மனைவிக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நான் நலம், கவலைப்படாதே.

என் விளையாட்டு வாழ்க்கையைப் படமாக்கும் இடத்தில் நேற்று சின்னத் தகராறு. தோற்றுக்கொடுக்கச் சொல்லி வந்த லஞ்சத்தைப் படத்தில் நான் தூக்கி எறிகிறேனாம்.

"எறிஞ்சது எங்க கோல்கீப்பர், என் மச்சான். அதுக்காகவே அவரை டீமை விட்டுத் தூக்கினாங்க. நான் வாயைத் திறக்கல" என்றேன்.

"ரெண்டு ஹீரோன்னா ஜனங்க குழம்பிடுவாங்க சார். உங்களுக்கு நல்லதுதானே?" என்று இயக்குநர் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மச்சானின் ஆட்டத்தைப் பறித்தார்கள். இன்று அவர் செய்ததையும் பறித்து எனக்குத் தருகிறார்கள். ஒப்பந்தத்தை இயக்குநரின் மேசையிலேயே கிழித்துப் போட்டேன்.

ஊருக்குத் திரும்ப அடுத்த வாரத்துக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. அறையில் பேச ஆளில்லை. ஸ்டேஷனுக்கு நீயே வா. உன் அண்ணனிடம் எதுவும் சொல்லாதே. அன்று பேசாமல் நின்றதற்கு நானே மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

உன் கணவன்