மாக்ஸ் இல்லாத கேள்வித்தாள்

குருநகர்
9.11.2025, ஞாயிறு

என் அன்பு மகள் ஜெசிதாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் உங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நேற்றும் போனில் கதைத்தோம், பிறகேன் இந்த மனுசி கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் ஆராய்ச்சிக்கு நிரப்பின கேள்வித்தாள்களைத் தபாலில் அனுப்பச் சொன்னாய்தானே, அந்த உறைக்குள்ளேயே இதையும் வைக்கிறேன். போனில் என்றால் எனக்கு உடனே கடைக் குரல் வந்துவிடும், கடதாசியில் அது வராது. இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது, அப்பா மூன்று நாளாகத் தொழிலுக்குப் போகவில்லை, வீட்டில் இருந்து வலையையும் என்னையும் மாறி மாறிப் பிடித்து ஆக்கினைப்படுத்துகிறார். நோர்வேயில், உன் பேர்கனில் மழை விடுவதே இல்லை என்றாய், ஈரச் சப்பாத்தோடு நாள் முழுக்க இருக்காதே, தலையைத் துடைக்காமல் படுக்காதே.

முதலில் நான் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைகளிலும் பஸ்ஸிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்கிற ஆட்களிடம் கொடுக்கச் சொல்லி நீ அனுப்பின நாற்பது கேள்வித்தாளும் பத்தே நாளில் நிரம்பி வந்துவிட்டன என்று போன மாதம் உனக்குப் பெருமையடித்தேன். அவற்றைப் போனில் படமெடுத்து அனுப்பின பிறகு நீதான் எடுத்துச் சொன்னாய், நாற்பது பேரும் ஒரே மாதிரிப் போட்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் கோபம் வருவதில்லையாம், ஒருவரும் வராத சிரிப்பைச் சிரிப்பதில்லையாம், வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் களைப்பே இல்லையாம். உங்கள் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு ஒன்றும் எழுத முடியாது, யாழ்ப்பாணத்து அத்தியாயத்தை விட்டுவிடலாம், மார்கழிக்கு முன் முடிவு சொல்லு என்றாராம். நீ என்னைக் கோபிக்கவில்லை. பரவாயில்லை அம்மா என்றாய். இரண்டு வருடம் நீ எங்கள் ஊரை அந்தப் புத்தகத்துக்குள் கொண்டுவரப் பட்ட பாடு எனக்குத் தெரியும், அந்தப் பரவாயில்லையைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் கடையில் ஜெனிற்றாவைப் பிடித்தேன். என்னோடு சேலைப் பகுதியில் நிற்கிற பிள்ளை, உனக்கு அவளைத் தெரியாது, வந்து மூன்று வருடம். முதலாளி எல்லோருக்கும் முன்னால் ஏசின அன்று படிக்கட்டுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சேலை எடுக்க வந்தவளை வாங்கோ அன்ரி என்று சிரித்துக் கூப்பிட்டவள். அப்படிப்பட்டவள் ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை என்று வரிசையாகப் புள்ளடி போட்டிருக்கிறாளே, ஏனென்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “உங்கடை பிள்ளைக்கு மாக்ஸ் குறைஞ்சிடும் எண்டெல்லே அக்கா நல்லதாப் போட்டனான்” என்றாள். பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்ரராக இருக்கிற கேதீஸ்வரன் தம்பியைக் கேட்டேன், அவரும் அதையே சொன்னார், தன்னோடு நிற்கிற இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்து வேறு போடுவித்தாராம். பிறகுதான் எனக்கு உறைத்தது. கேள்வித்தாளைக் கொடுக்கும்போது நான் ஒவ்வொருவரிடமும் சொன்னது, இது என் மகளுடைய படிப்புச் சோதினை, பார்த்து நல்லாச் செய்து தாங்கோ என்று. சோதினை, புள்ளி என்றால் எங்கள் சனம் சும்மா விடுமா. நாற்பது பேரும் சேர்ந்து உன்னைப் பாஸ் பண்ண வைக்கப் பார்த்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன், மனுசன் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். தன்னை ஒருவரும் கேட்கவில்லையே, தான் என்றால் உள்ளதைப் போட்டிருப்பேன், மீன் வேண்டுமென்றால் வாங்கு, சிரிப்பு வேண்டுமென்றால் வேறு ஆளிடம் போ என்றுதான் தான் இவ்வளவு காலமும் வித்தது என்றார். அவருக்கென்ன, அவர் பிடித்த மீன், அவர் சொன்ன விலை.

ஆனால் பிள்ளை, எனக்கும் மனம் குத்தியது. நாற்பதில் ஒன்று என்னுடையது, நானும் பொய்தான் போட்டிருந்தேன். நீ போன வருடம் நத்தார்ப் பெருநாளுக்கு வந்து நின்றபோது உன் ஆராய்ச்சி எதைப்பற்றி என்று விளங்கப்படுத்தினாய். முந்தி விமானத்தில் வேலை செய்கிற பெண்களில் இருந்துதான் தொடங்கினதாம், பிறகு தாதிமார், ஆசிரியர்மார், போனில் பதில் சொல்கிறவர்கள், இப்போது மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து நட்சத்திரம் வாங்குகிற பெடியள் வரைக்கும் ஆராய்கிறார்களாம். முகத்தால் மட்டும் சிரிப்பது ஒன்று, சிரிப்பு வரும்படி மனத்தையே திருப்பிக்கொள்வது இன்னொன்று, முதலாவதுதான் ஆளை உள்ளுக்குள் அரிக்கும் என்று கனபேர் கண்டுபிடித்திருக்கிறார்களாம். இப்போது, கூட வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு தாங்கிக்கொள்கிறார்கள், வீட்டுக்குப் போன பிறகு அந்தக் களைப்பு யார் தலையில் இறங்குகிறது என்றெல்லாம் கேட்கிறார்களாம். உணர்ச்சி உழைப்பு என்று அதற்குப் பெயரும் சொன்னாய். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு ஓம் ஓம் என்று கேட்டேன், ஆனால் எனக்குக் கண் கலங்கியது உனக்குத் தெரியாது. பத்தொன்பது வருடம் புடவைக்கடையில் நின்றபடி நான் செய்துகொண்டிருந்தது ஒரு வேலை என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் நீதான். என் வயிற்றில் பிறந்த பிள்ளை அதைச் சொன்னதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை.

அதனால் திரும்பச் செய்விப்போம் என்று நினைத்தேன். சந்தியில் இருக்கிற கடையில் நிரப்பாத கேள்வித்தாள் நாற்பது போட்டோக்கொப்பி எடுத்தேன். போன ஞாயிறு பூசை முடிந்து வரக்கூடியவர்களை வீட்டுக்கு வரச் சொன்னேன், ரோல்ஸ் போட்டேன், பிளேன்ரீ வைத்தேன். இருபத்தாறு பேர் வந்தார்கள், மற்றவர்கள் ஒருமுறை செய்தது போதும் என்றுவிட்டார்கள். இது சோதினை இல்லை, மாக்ஸ் இல்லை, பெயர் எழுத வேண்டாம், நடிக்காமல் போடுங்கோ என்றேன். ஒருவரும் பேனையைத் தொடவில்லை. ஆளை ஆள் பார்த்துக்கொண்டு ரோல்ஸ் சாப்பிட்டார்கள். சரி, நான் தொடங்கினால்தான் சரிவரும் என்று உனக்கும் சொல்லாத ஒன்றை அவர்களுக்குச் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன், முழுக்க வாசி, பயப்படாதே.

ஆவணி மாதம் எனக்கு இடது பக்கம் கமக்கட்டோடு ஒரு கட்டி இருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்தார்கள், சோதித்துச் சொல்ல மூன்று கிழமையாகும் என்றார்கள். அப்பாவுக்கு மட்டும் தெரியும். மறுநாளே நான் வேலைக்குப் போனேன், நல்லூர்த் திருவிழாக் காலம், வெளிநாட்டுச் சனம் நிரம்பிய கடை. கல்யாணக் கூறைச்சேலை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. கல்யாணப் பொம்பிளை ரொறன்ரோவில், போனுக்குள் நின்று பார்க்கிறாள். சேலையை என் தோளில் போட்டுக் காட்டச் சொன்னார்கள், அதுவும் இடது தோள். ஒன்று, இரண்டு, பதினொரு சேலை. ஊசி குத்தின இடம் விண் விண் என்று வலிக்கிறது, எனக்கு வேறு ஒன்றுமே ஓடவில்லை, உன்னை மறுபடி காண்பேனா என்றுதான் ஓடியது. அப்போது அந்தப் பிள்ளை போனுக்குள் இருந்து, “அன்ரி கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோவன், அப்பதான் சேலை எடுப்பாத் தெரியும்” என்றாள். சிரித்தேன் மகள். நல்ல வடிவாகச் சிரித்தேன். அந்தச் சேலையைத்தான் எடுத்தார்கள். அந்தப் பிள்ளையில் பிழையில்லை, அவளுக்கு என்ன தெரியும், அவள் நல்லா இருக்க வேண்டும். மூன்று கிழமை கழித்து அது வெறும் கொழுப்புக் கட்டி என்று வந்தது, ஆஸ்பத்திரித் துண்டு என் கையில் இருக்கிறது, அதன் கொப்பியும் இந்த உறைக்குள் இருக்கிறது, நீயே பார்த்துக்கொள்.

நான் இதைச் சொல்லி முடிக்க ஜெனிற்றா அழுதாள். என் பக்கத்தில் நின்று அந்தச் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்தவளே அவள்தான், ஒன்றும் தெரியாமல் நின்றிருக்கிறாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனையை எடுத்தாள். கேதீஸ்வரன் தம்பி எழுத இடம் போதாமல் தாளின் பின்பக்கத்திலும் எழுதினார், என்ன எழுதினாரோ, நான் பார்க்கவில்லை. மத்தியானம் தாண்டியும் எழுதினார்கள். போகும்போது சிலர் என் கையைப் பிடித்து, இப்படி ஒருவரும் தங்களைக் கேட்டதில்லை, மகளுக்கு நன்றி சொல்லுங்கோ என்றார்கள். அந்த நன்றியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன். முதல் நாற்பதையும் எறிந்துவிடாதே பிள்ளை, அதுவும் இதற்குள் இருக்கிறது. உங்கள் பேராசிரியரிடம் சொல்லு, அவர்கள் சும்மா பொய் சொல்லவில்லை, கேள்வி கேட்ட பிள்ளைக்காகவும் ஒருமுறை சிரித்திருக்கிறார்கள் என்று. அதுவும் உன் ஆராய்ச்சிக்குள் வருமோ வராதோ, நீதான் படித்த ஆள்.

என்னுடைய தாளையும் திருத்தி நிரப்பினேன். பதினேழாம் கேள்வியில் நெடுநேரம் நின்றேன். மனத்தில் இல்லாத முகத்தை நீங்கள் கூடுதலாகக் காட்டுவது யாருக்கு என்று கேட்டு, வாடிக்கையாளர், முதலாளி, கூட வேலை செய்பவர், வீட்டார் என்று நான்கு பெட்டி போட்டிருக்கிறாய். நான் வீட்டாருக்குப் போட்டேன். அது நீதான் மகள். ஆவணியில் நீ எடுத்த ஒவ்வொரு போனுக்கும் நல்லா இருக்கிறன் பிள்ளை என்று கடைக் குரலில்தான் சொன்னேன், என்னை மன்னித்துக்கொள். பத்தொன்பது வருடம் அந்தக் குரலில் கதைத்தவளுக்கு அந்தக் குரல் எங்கே கேட்டாலும் தெரியும். ஆடி மாதத்தில் இருந்து உன்னிலும் அதுதான் கேட்கிறது.

இத்தோடு நிறுத்துகிறேன். மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருப்பா, அப்பாவும் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார். தாள்களை எண்ணி எடு, பழையது நாற்பது, புதியது என்னுடையதோடு இருபத்தேழு, அதோடு ஒன்றும் எழுதாத தாள் ஒன்றும் இருக்கும். அது தவறி வந்ததில்லை. அதை நீ நிரப்பி எனக்கு அனுப்பு. சோதினை இல்லை பிள்ளை, மாக்ஸ் இல்லை.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
உன் அம்மா
செ. கத்தரீனா