பச்சை எஞ்சினுக்குள் உன் பிளாஸ்திரி

எதிரே மேஜைமேல் உன் பிளாஸ்திரி கிடக்கிறது. வெள்ளையாக இருந்தது, பழுத்து மஞ்சளாகிவிட்டது. முகர்ந்தால் இன்னும் ஆஸ்பத்திரி வாசனை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செத்துப்போனவளோடு சண்டை போடுவாளா ஒருத்தி என்று யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். நான் போடத்தான் போகிறேன்.

கொலு வைக்கப் படி கட்டிய அன்று நம் பொம்மை ரயிலின் பச்சை எஞ்சின் நின்றுவிட்டது. உள்ளே ஏதோ சுற்றும் சத்தம் கேட்டது, சக்கரம் மட்டும் அசையவில்லை. நீ இருந்தவரை அதன் மேல் தகரத்தைக் கழற்றுவது உன் வேலை. நீ போனபின் அடியில் இருக்கும் துளை வழியாக எண்ணெய் விட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இந்த முறை வேறு வழியில்லாமல் திருகுகளைக் கழற்றித் தூக்கினால், உள்ளே நம் மோட்டார் இல்லை. ஒரு டேப் ரிக்கார்டர் மோட்டார்! அடிபட்ட கைக்குக் கட்டுப் போட்ட மாதிரி பிளாஸ்திரியைச் சுற்றி இறுக்கி வைத்திருக்கிறாய். அது தளர்ந்து மோட்டார் நகர்ந்துவிட்டது, பல்சக்கரத்தைப் பிடிக்கவில்லை. கோளாறு அவ்வளவுதான்.

சாணக்யபுரியில் ஒரு வெளிநாட்டு அதிகாரி ஊருக்குத் திரும்புகிறார், வீட்டுச் சாமானையெல்லாம் விற்கிறார் என்று துப்புக் கொண்டுவந்தவள் நீ. ஃபிரிட்ஜ் வாங்கப் போன நாம் இருவரும் ஆளுக்குப் பாதி போட்டு, ஒரு மரப்பெட்டி நிறைய ரயிலோடு ஆட்டோவில் மயூர் விஹாருக்குத் திரும்பினோம். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அந்த ரயில் கொலுப் பூங்காவைச் சுற்ற வேண்டும், உனக்குக் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்ற வேண்டும். நவராத்திரிக்கு இரண்டாம் மாடியில் என் வீடு, தீபாவளி கழிந்ததும் கீழ்த்தளத்தில் உன் வீடு என்று அந்தப் பெட்டி வருஷாவருஷம் ஏறி இறங்கியது.

பழசு என்றால் அப்படியொரு பழசு. தண்டவாளத்தில் படிந்த கறுப்பை, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து நீ துடைப்பாய், நர்ஸ் புத்தி. தையல் மெஷின் எண்ணெயை ஊசியில் ஏற்றி அச்சுக்கு ஒரு சொட்டு விடுவாய். சக்கரத்து ரப்பர் உதிர்ந்தபோது ட்ரிப் ஏற்றும் குழாயை வளையம் வளையமாக நறுக்கி மாட்டினாய். மிக்ஸி கார்பனை உப்புத்தாளில் தேய்த்து மோட்டாருக்குள் நீ வைத்தபோதுதான் நமக்குள் முதல் சண்டை. ஒரிஜினலைக் கெடுக்காதே என்று கத்தினேன்.

"ஏட்டி, அது ஓடணுமா, ஒரிஜினலா இருக்கணுமா? ஒண்ணச் சொல்லு."

"ரெண்டும்தான் வேணும்" என்றேன். எதை மாற்றினாலும் மோட்டாரை மாற்றுவதில்லை என்று உன்னிடம் வாக்கு வாங்கிய பிறகுதான் காபியே போட்டேன். நீயும் பெரிய மனுஷி மாதிரி வாக்குக் கொடுத்தாய்.

நீ கொண்டாடிய கடைசிக் கிறிஸ்துமஸ் முடிந்து, அடுத்த நவராத்திரிக்குப் பெட்டி மேலே வந்தது. ரயில் பின்னால் போக மறுத்தது. வேகக் குமிழை எப்படித் திருப்பினாலும் ஒரே ஓட்டம். உன்னைக் கேட்டேன். சுண்டலைக் கொறித்துக்கொண்டே, "அதுக்கும் வயசாயிட்டுல்லா ஏட்டி. இனி முன்னாலதான் போவும்" என்றாய். நான் மண்டு, நம்பினேன். கொலுவுக்கு வந்தவர்களிடமெல்லாம், "மத்ததெல்லாம் மாத்தினது, மோட்டார் மட்டும் ஒரிஜினல்" என்று பீற்றிக்கொண்டேன். நீ பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாய். ரொம்ப இளைத்திருந்தாய். ஏண்டி என்றால் டூட்டி ஜாஸ்தி என்றாய். அதையும் நம்பினேன். அந்த மார்கழி பிறப்பதற்குள் நீ இல்லை. "ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் வீட்டுக்காரர் அழுதார்.

மோட்டாரைப் பார்த்த கையோடு அவருக்குத்தான் ஃபோன் போட்டேன். ரிட்டயர் ஆகிப் பாளையங்கோட்டையோடு போய்விட்டாரே.

"பழைய மோட்டார் கருகிப்போச்சும்மா. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா" என்றார். அதே வார்த்தை. எப்போது மாற்றினாள் என்று கேட்டேன்.

"ரிப்போர்ட் வந்த அன்னைக்கு. இனி செய்யதுக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெளிய வந்ததும், நீங்க வீட்டுக்குப் போங்க, எனக்கு லாஜ்பத் ராய் மார்க்கெட்ல ஒரு சோலி கெடக்குன்னு போயிட்டா."

அடிப்பாவி. அந்த நெரிசலில், ஸ்பீக்கரும் ரிமோட்டும் குவிந்து கிடக்கும் கடை கடையாக ஏறி, "பையா, சோட்டா மோட்டர் ஹை?" என்று சின்ன மோட்டார் கேட்டு அலைந்திருக்கிறாய், அந்தக் காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு. இரண்டு மாடி ஏறி என் கதவைத் தட்ட உனக்குக் காலில்லையா? மோட்டார் போனால் நான் தாங்கமாட்டேன் என்று உனக்கு யார் சொன்னது? அதைத் தாங்காதவள் இதை எப்படித் தாங்குவாள் என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாயா? உன்னோடு உட்கார்ந்து அழுவதற்கும், உன்னைத் திட்டுவதற்கும், உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பதற்கும் எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்தது. அதை என்னிடம் கேட்காமல் நீ எடுத்துக்கொண்டாய். மன்னிக்க மாட்டேன், போ.

இப்போதெல்லாம் இன்டர்நெட்டில் தேடினால் அந்தக் காலத்து மோட்டாரே வெளிநாட்டிலிருந்து வருமாம். "வாங்கிடலாமாம்மா?" என்றான் என் பையன். இருந்த கோபத்தில், "வாங்கு, இந்தச் சனியனைத் தூக்கிக் குப்பையில் போடு" என்றுதான் முதலில் சொன்னேன். அவன் ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும் மருந்துக் கடைக்கு இறங்கிப் போய்ப் புதுப் பிளாஸ்திரி வாங்கிவந்தேன். மோட்டாரை இருந்த இடத்துக்கே நகர்த்தி, பல்லோடு பல் பிடிக்கிறதா என்று பார்த்து, நீ சுற்றியிருந்த மாதிரியே சுற்றினேன். ஓடியது. ஒரே வேகத்தில், முன்னால் மட்டும். டேப் சுற்றிய மோட்டாருக்கு வேறென்ன தெரியும். மோட்டார் வேண்டாம் என்று பையனிடம் சாயந்திரம் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

நேற்று எதிர் பிளாக்குக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கொலுவுக்கு வந்திருந்தாள். வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டும் கிளம்ப மனமில்லாமல் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, உள்ள இருக்கற மோட்டார்கூட அந்தக் காலத்ததா?" என்று கேட்டாள்.

"ஆமாம், ஒரிஜினல்" என்றேன், கொஞ்சமும் கூசாமல். பழக்க தோஷத்தில் பக்கத்தில் திரும்பினேன். தலையாட்ட நீ இல்லை.