எல்லா வரியும் தலைப்பானபோது

தென்னூரில் என் இல்லம் ஆளும் எழிலரசிக்கு,

நலந்தானே? அத்தையின் மூட்டுவலி தணிந்ததா? பெர்லினில் நான் நலம்.

வென்றுவிட்டேன்! எவரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளொன்றுக்கு நான் தமிழில் எழுதிய வழிகாட்டிப் பக்கம் இன்று ஏற்கப்பட்டது. முதன்முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேடைகளில் முழங்கிய பழக்கத்தில் ஒவ்வொரு வரிக்கு முன்னும் தலைப்புக்கான # குறியை இட்டிருந்தேன். பக்கம் முழுதும் பேரெழுத்தில் முழங்கியது. திருவரங்கத்திலிருந்து பக்கங்களைச் சரிபார்க்கும் சுஜா தொலைபேசியில் சிரித்தார்: "அண்ணே, மைக்கக் கொஞ்சம் தள்ளி வைங்க! எல்லாமே தலைப்புன்னா எதைத்தான் படிக்கிறது?"

ஒரு தலைப்பை மட்டும் நிற்கவிட்டேன், மற்றவை அடங்கின. உலகோர் திறக்கும் பக்கத்தில் இன்று நம் தமிழ் நிமிர்ந்து நிற்கிறது!

ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தை உரக்கப் படித்து, உன் குரலைப் பதிவுசெய்து அனுப்பு. என் அறையில் தமிழ் எழுத்தாக மட்டுமே இருக்கிறது.

பணி அழைக்கிறது.

உன்,
இளவரசன்