மாலி அக்காவுக்கு, சாமியின் நிழலை மிதிக்காதவன் எழுதுவது

என் அன்பு மாலி அக்கா,

நீங்கள் தாய்லாந்துக்காரி, உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "செத்த ஆக்களுக்கு எல்லாப் பாஷையும் விளங்கும், நீ எழுது" என்கிறார் பரமண்ணை. அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எதையும் அடித்துச் சொல்லுகிற மனிதர் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

டாவோஸில் எல்லோரும் சுகம். பனிச்சறுக்குக்காரர்கள் போய்விட்டார்கள், ஹோட்டலைப் பூட்டியாயிற்று. சலவை அறையில் உங்கள் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். அவள் துவாய் மடிக்கிற அழகைப் பார்த்தால் நீங்கள் எழும்பி வந்துவிடுவீர்கள். நல்ல பிள்ளைதான், ஆனால் எங்களுக்கு அவளைப் பிடிக்கவில்லை. அது அவளுடைய குற்றமில்லை.

நாளைக்குச் சூரிச்சிலிருந்து சாமி வருகிறார். அதே தாய்லாந்துப் பௌத்தச் சாமிதான், இந்த முறை உங்களுக்காக. அதனால் அவர் முதல் தடவை வந்தபோது நடந்த கூத்தெல்லாம் காலையிலிருந்து மனதில் ஓடுகிறது. நான் அவரை ஸ்டேஷனிலிருந்து எப்படிக் கூட்டிவந்தேன் என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், சிரியுங்கள்.

அப்போதும் இதே சித்திரை மாதம். உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே நாளில் வருஷம் பிறக்கிறது என்று கண்டுபிடித்து நாம் மூவரும் சந்தோஷப்பட்டோமே, அந்த வருஷம். ஹோட்டல் பூட்டியதும் போர்த்துக்கீசர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். வேலையாட்கள் விடுதியில் மிஞ்சியது ஊருக்குப் போக வழியில்லாத மூன்று பேர். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நானும் பரமண்ணையும், சுவிஸ் கணவரைப் பிரிந்து, விசா புதுப்பித்து வரும்வரை நாட்டைவிட்டு வெளிக்கிட முடியாமல் இருந்த நீங்களும்.

உங்கள் அம்மா அந்தக் குளிர்காலத்தில் தாய்லாந்தில் காலமாகிவிட்டார். நீங்கள் முகம் பார்க்கவில்லை. ஹோட்டல் பூட்டிய பிறகு ஒரு நாள் எங்கள் சமையலறைக்கு வந்து, அம்மா பெயரில் சாமிக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்றீர்கள். நீங்கள் சொன்னது உடைந்த ஜெர்மன். நாங்கள் விளங்கிக்கொண்டது அதைவிட உடைந்த ஜெர்மன். இங்கே அதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"பொம்பிளை குடுத்தால் சாமி துணி விரிச்சுத்தான் வாங்குவார். ஆம்பிளை குடுத்தால் கையிலயே வாங்குவார். என்ர அம்மாவின்ர சோறு கையிலயிருந்து கைக்குப் போகவேணும். மத்தியானத்துக்கு முதல் போகவேணும், பிறகு அவர் சாப்பிடமாட்டார். நான் தனியவும் அவரோட இருக்கேலாது. நீங்கள்தான் எனக்கு ஆம்பிளையள்."

நான் உடனே ஓம் என்றேன். பரமண்ணையின் முகம் கறுத்துப்போனது.

"அக்கா, உங்களுக்கு என்னவும் செய்வன். ஆனால் அந்தக் காவிக்கு நான் கும்பிடமாட்டன். ஊரில அதைக் கட்டினவங்களில கொஞ்சப்பேர் எங்கட தமிழ்ச் சனத்தைப் பற்றிக் கதைச்ச கதையள் உங்களுக்குத் தெரியாது."

நீங்கள் "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய் கேரட் சீவத் தொடங்கினீர்கள். பப்பாசிக்காய் கிடைக்காத ஊரில் கேரட்டை இடித்துச் சம்பல் செய்த கைகாரி நீங்கள். உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அண்ணை மேல் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த நாள் ஒத்திகை. பயிற்சிக்கு ஒரு பொய்ச்சாமி வேண்டும் என்றீர்கள். பரமண்ணை தானாக எழும்பினார். "கும்பிடமாட்டன் எண்டுதான் சொன்னனான். கும்பிடு வாங்கமாட்டன் எண்டு சொல்லேல்லையே!"

சலவை அறையிலிருந்து மஞ்சள் மேசைவிரிப்பைக் கொண்டுவந்து அவருக்குச் சுற்றினீர்கள். கவிழ்த்துவைத்த பியர்ப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தவருக்கு அப்படியொரு களை வந்துவிட்டது. நான் கோயிலில் செய்வதுபோல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். நீங்கள் பிடித்து நெற்றிக்கு இறக்கிவிட்டீர்கள். சம்மணமிட்டுச் சப்பாணி கட்டி இருந்தேன், அதுவும் பிழை. காலிரண்டையும் ஒரு பக்கமாகப் பின்னுக்கு மடித்து உட்காரவேண்டுமாம். ஐந்து நிமிஷத்தில் விறைத்துப்போய்க் காலை நீட்டிவிட்டேன்.

"டேய், உன்ர கால் என்னைப் பாக்குது!" என்றார் பொய்ச்சாமி. "மரியாதை தெரியாத பெடியன். அக்கா, இவனுக்கு இன்னொருக்காக் காட்டுங்கோ. அந்தக் கோழியையும் இன்னொருக்காக் கொண்டரச் சொல்லுங்கோ."

அன்றைக்கு ஒத்திகைக்கென்று பொரித்த கோழி முழுவதும் அவர் வயிற்றுக்குள் போனது. பாடம் முழுவதும் என் தலைக்குள் போனது. சாமியின் தலைக்கு மேல் உன் தலை உயரக்கூடாது. பெண்கள் அவரைத் தொடக்கூடாது, தொட விடவும் கூடாது. அவருடைய நிழலை மிதிக்காதே. நான் இரவிலும் சொல்லிப் பார்த்தேன்.

இனி உங்களுக்குத் தெரியாத பகுதி.

ரயிலால் இறங்கிய சாமி என் நெஞ்சளவுதான் இருந்தார். நானோ பனை. தலை உயரக்கூடாதே! முழங்காலை மடித்து, இடுப்பை வளைத்து, அவருடைய பையையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். கொஞ்சத் தூரம் போனதும் அவர் நின்று, வயிற்றுவலியா என்று ஜெர்மனில் கேட்டார். இல்லை, மரியாதை என்றேன். தலையாட்டினார். நம்பியமாதிரித் தெரியவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஒரு சுவிஸ் மூதாட்டி. நல்ல மனுஷி. சாமியைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, "கிரூட்சி!" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் விடவில்லை. மற்றக் கையை நீட்டினார். அதையும் பிடித்தேன். இரண்டு கையையும் பிடித்தபடி நாங்கள் நின்ற நிலையைப் பார்த்து டாக்சிக்காரர் ஒருவர் கைதட்டினார். அதற்குப் பிறகு வெகுகாலம் அந்த அம்மா என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

பிறகு அந்த நிழல். பின்வாசலுக்கு வருகிற பாதை நினைவிருக்கிறதா, இரண்டு பக்கமும் பனியை ஒதுக்கி வைத்திருப்பார்களே? முன்னால் சாமி, நேர் எதிரே வெயில், அவருடைய நிழல் பின்னால் நீண்டு என் காலடியில் கிடக்கிறது. நான் பனிக்குவியலில் ஏறி நடந்தேன். பனி நொறுங்குகிற சத்தம் கேட்டு அவர் திரும்பினார், நிழலும் அசைந்தது. நான் மற்றப் பக்கம் பாய்ந்தேன். உருகி உறைந்த ஐஸில் வலது கையை ஊன்றி விழுந்தேன்.

சாமி என்னைத் தூக்கிவிட்டார். "நிழலுக்கு நோகாது, உனக்குத்தான் நோகும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தன் பையைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தார்.

மற்றதை நீங்கள் பார்த்தீர்கள். வலது மணிக்கட்டு பணியாரமாய் வீங்கிவிட்டது. ஒரு கரண்டி தூக்க முடியவில்லை. இடது கையால் கொடுப்பதா? உங்கள் ஊரிலும் கொடுக்கமாட்டார்கள், எங்கள் ஊரிலும் கொடுக்கமாட்டார்கள். சாமி பாயில் இருந்தார். அவருக்கு அருகே ஸ்டூலில் உங்கள் அம்மாவின் படம். விடியற்காலையிலிருந்து அவித்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. மத்தியானம் ஆக அதிக நேரமில்லை. துணி விரித்து வாங்குகிறேன் என்று சாமி சொன்னார். நீங்கள் "ஆம்" என்றுதான் சொன்னீர்கள், ஆனால் உங்கள் வாய் கோணியதை நான் பார்த்தேன். எனக்கு அந்தக் கையை வெட்டி எறியலாம் போலிருந்தது.

அப்போது மேல்மாடியில் சப்பாத்துச் சத்தம். தான் இதில் இல்லை என்று போன பரமண்ணை, தன் அறையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். சரியாக எங்கள் தலைக்கு மேல்.

நீங்கள் படியடிக்குப் போனீர்கள். "பரம் தம்பி, உங்கட கால் என்ர அம்மாவின்ர தலைக்கு மேல நடக்குது."

சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு இறங்கி வந்தார். "என்னக்கா?" என்றார். நான் என் மணிக்கட்டைக் காட்டினேன்.

"நீங்கள் அவரைக் கும்பிடவேண்டாம்" என்றீர்கள். "சோத்தை அவற்ர கையில வையுங்கோ, காணும். அது அம்மாட்டப் போகும்."

அவர் படத்தைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். பிறகு போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். அவ்வளவு நேரம் கை கழுவிய மனிதனை நான் கண்டதில்லை. திரும்பி வந்து முழங்காலிட்டு, சோற்றுச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி, சாமியின் கைகளில் வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் சாமி ஓதத் தொடங்கினார். புண்ணியம் அம்மாவுக்குப் போய்ச் சேர, நீங்கள் சின்னச் செம்பிலிருந்து கிண்ணத்துக்குள் தண்ணீரை மெல்ல ஊற்றினீர்கள். சொந்தக்காரர்கள் ஊற்றுகிறவரைத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும் என்று சொல்லித் தந்திருந்தீர்கள், நான் உங்கள் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தேன். பரமண்ணை தூரத்தில் நின்றார். பிறகு என் தோளில் ஒரு கை வந்தது. அண்ணையின் கை. காதுக்குள் கேட்டது: "அன்னப்பிள்ளை... அம்மா..."

அக்கா, அன்னப்பிள்ளை என்பது அவருடைய தாயாரின் பெயர். அதற்கு முந்தின வருஷம் ஊரில் காலமானார். ஒரே மகன், கொள்ளி வைக்கப் போக முடியவில்லை, ஒரு சொட்டு எள்ளுத்தண்ணீர் இறைக்கவில்லை. உங்களுக்கு அதைச் சொல்லவேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். இப்போது நீங்கள் போய்விட்டீர்கள், அந்தச் சத்தியமும் முடிந்துபோயிற்று. உங்கள் செம்புத் தண்ணீரில் அன்றைக்கு இரண்டு அம்மாமார் பங்கு போட்டார்கள். உங்களுக்கு அதில் வருத்தமில்லையே?

சாமி போன பிறகு, "அண்ணை, குனிஞ்சு கும்பிட்டனீங்கள்தானே?" என்று கேட்டேன். "விசர்க் கதை கதையாதை. சட்டி பாரம், அதுதான் குனிஞ்சனான்" என்றார். இன்றைக்கும் அதே கதைதான்.

முந்தாநாள் சாமிக்கு டெலிபோன் எடுத்தது பரமண்ணை. நான் பக்கத்தில் நின்றேன். இறந்தவருக்கு இங்கே சொந்தக்காரர் யாராவது உண்டா என்று சாமி கேட்டிருக்கிறார், இல்லையென்றால் தானே தண்ணீர் ஊற்றுவதாகவும் சொல்லியிருக்கிறார். பரமண்ணை தனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் திரட்டிச் சொன்னார்: "இருக்கினம். தம்பிமார். இரண்டு பேர்."

டெலிபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்ன பாக்கிறாய்? ஓடிப்போய் அரிசி வாங்கு. அக்கான்ர அரிசி, ஒட்டிற அரிசி" என்று சத்தம் போட்டார்.

அக்கா, நாளைக்கு மத்தியானத்துக்கு முதல் உங்கள் சோறு சாமியின் கைக்குப் போகும். தண்ணீர் ஊற்றப்போவது பரமண்ணை. பயப்படாதீர்கள், நான் அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பேன். இனி ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் இது நடக்கும். எங்களை நாட்டைவிட்டு அனுப்பினால், அனுப்புகிற இடத்தில் நடக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கூடப்பிறக்காத இரண்டு தம்பிமாரில் இளையவன்